பயணத்தில் பாட்டு கேட்கத் தனிக் கருவி வேண்டுமா?

இப்போதைக்குத் தனி பிளேயர் வாங்க வேண்டாம். தினமும் நான்கு மணி நேர ரயில் பயணம், ஸ்பாட்டிஃபையில் பாட்டு கேட்டே போன் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது என்கிறீர்கள். பழி பாட்டின் மேல் இல்லை. ஓடும் ரயிலில் போன் சிக்னலைத் தேடித் தேடிப் பாடலை இழுப்பதுதான் பெரும்பாலும் பேட்டரியைத் தின்னும்.

சோதித்துப் பாருங்கள். வீட்டு வைஃபையில் பாடல்களைத் தரவிறக்கிக்கொண்டு, இரண்டு நாள் ஏரோபிளேன் மோடில், திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அழைப்பு எதுவும் வராது. அதுவும் ஒரு சுகம்தான். அப்போதும் சார்ஜ் சரிந்தால் பேட்டரி தேய்ந்திருக்கலாம். அதை மாற்றுவது பெரும்பாலும் புதுக் கருவியைவிட மலிவு.

உங்கள் பழைய ஒயர் இயர்போனைப் போனில் செருக, டிஏசி (டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் சில்லு) உள்ள யூஎஸ்பி-சி மாற்றி ஒன்று போதும். டிஏசி இல்லாத மலிவு மாற்றிகள் பல போன்களில் சத்தமே தராது.

பிளேயர்தான் வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்பாட்டிஃபையில் தரவிறக்கிய பாடல்கள், செயலி ஓடாத சாதாரண பிளேயருக்குள் போகாது. சொந்தமாக எம்பி3 அல்லது ஃபிளாக் வகைப் பாடல் கோப்புகள் வேண்டும். பழைய ஐபாட் டச் பக்கமும் போகாதீர்கள். ஆப்பிள் 2022-இல் அதை நிறுத்திவிட்டது, கடைசி மாடலும் ஐஓஎஸ் 15 என்ற பழைய இயங்குதளத்தைத் தாண்டாது.