குடும்பமே குண்டு என்றால் மரபணுப் பரிசோதனை உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 36. அம்மா, பெரியம்மா, மாமா எல்லோருமே குண்டானவர்கள். நானும் 20 வயதிலிருந்து எடையோடு மல்லுக்கட்டுகிறேன். என்னைவிட அதிகம் சாப்பிடும் கணவர் ஒல்லியாகவே இருக்கிறார். எச்சிலை எடுத்து அனுப்பினால் மரபணுவைப் பார்த்து நமக்கு ஏற்ற உணவுமுறையைச் சொல்வார்களாம். செய்துகொள்ளலாமா? 6 வயது மகளுக்கும் தேவையா?

பதில்: 16 வருடம் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். இதற்குள் எத்தனை பேர் உங்களிடம் 'வாயைக் கட்டினால் தானாகக் குறையும்' என்று சொல்லியிருப்பார்களோ! பேச்சை அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது பாதி உண்மைகூட இல்லை.

1990-இல் கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே உருவ இரட்டையர்கள் 12 ஜோடி இளைஞர்களைக் கண்காணிப்பில் வைத்து, 84 நாட்கள், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட வைத்தார்கள். எல்லோருக்கும் அதே கூடுதல் கலோரிதான். முடிவில் ஒருவருக்கு 4 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோ! அண்ணனுக்கு எவ்வளவு ஏறியதோ, பெரும்பாலும் தம்பிக்கும் ஏறத்தாழ அவ்வளவே ஏறியது. ஒரே உருவ இரட்டையர்களுக்கு மரபணுவும் ஒன்றுதான், அதனால்தான் இப்படி. உங்களுக்கும் கணவருக்கும் உள்ள வித்தியாசத்துக்கும் பெரும்பாலும் மரபணுதான் காரணமாக இருக்கும். அவருக்கு மனஉறுதி அதிகம், உங்களுக்குக் குறைவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அப்படியானால் 'பருமன் மரபணு' என்று ஒன்று இருக்கிறதா? ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன வேறுபாடுகள். அவற்றில் பெயர் பெற்றது 16-ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்டிஓ. 2007-இல் இதன் தொடர்பு தெரியவந்தது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் நமக்கு வருகின்றன. இரண்டிலுமே எடை கூட்டும் வகை இருப்பவர்கள், ஒன்றிலும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். மிகப் பிரபலமான மரபணுவின் பங்கே 3 கிலோதான் என்பதைக் கவனியுங்கள். 2018-இல் சுமார் 7 லட்சம் பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்து 900-க்கும் மேற்பட்ட வேறுபாடுகளைக் கண்டார்கள். அத்தனையும் சேர்ந்து, ஆளுக்கு ஆள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற அளவு) மாறுவதில் சுமார் 6 சதவீதத்தைத்தான் விளக்கின.

இவற்றில் பல வேலை செய்யும் இடம் வயிறோ இடுப்போ அல்ல, மூளை. பசி எடுப்பதையும் 'போதும்' என்று தோன்றுவதையும் தீர்மானிக்கும் பகுதி. 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு வயிறாரச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பிறகு ஒரு தட்டில் பிஸ்கட் வைத்துப் பார்த்தார்கள். எடை கூட்டும் எஃப்டிஓ வகை ஒரு பிரதியிலும் இல்லாத குழந்தைகள் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களின் கை தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வயதுக் குழந்தையை 'ஒழுக்கமில்லை' என்று யாராவது திட்டுவோமா? சாப்பிட்டு எழுந்த பிறகும் உங்களுக்கு ஏதாவது கொறிக்கத் தோன்றுகிறதென்றால், அதுவும் இதே வகையாக இருக்கலாம்.

இனி பரிசோதனைக்கு வருவோம். வேண்டாம் என்பதே என் பதில். 2018-இல் அமெரிக்காவில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து, 'இந்த மரபணு அமைப்புக்குக் கொழுப்பைக் குறைத்தால் எடை குறையும், வேறோர் அமைப்புக்கு மாவுச்சத்தைக் குறைத்தால் குறையும்' என்ற கணிப்பைச் சோதித்தார்கள். கணிப்பு பலிக்கவில்லை. நீங்கள் பணம் கட்டி வாங்கப்போவதும் அதே மாதிரியான கணிப்பைத்தான். உங்களுக்குத் தேவையான தகவல் அம்மா, பெரியம்மா, மாமா மூவரைப் பார்த்தாலே கிடைத்துவிடுகிறது.

இதில் நல்ல செய்தியும் உண்டு. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து என்று எந்த வழியில் போனாலும், எடை கூட்டும் எஃப்டிஓ வகை உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கு இணையாகவே எடை குறைந்தது. இது 8 ஆய்வுகளின், 9,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல். உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த வகையால் வரும் பருமன் அபாயம் கால்வாசிக்கு மேல் குறைந்ததையும் 2 லட்சம் பேரிடம் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே பசியோடு சண்டை போடாமல், பசியைப் புரிந்துகொண்டு அதற்கேற்ப வீட்டை மாற்றுங்கள். கொறிக்கும் பொருட்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டாம். புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவை முதலில் சாப்பிடுங்கள், வயிறு சீக்கிரம் நிறையும். தூக்கத்தைக் குறைக்காதீர்கள், தூக்கம் கெட்டால் பசி கூடும். தினமும் நடங்கள். இதையெல்லாம் ஆறு மாதம் செய்தும் எடை அசையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். தைராய்டையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு, பசியைக் குறைக்கும் மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்வார். மருந்து எடுப்பது தோல்வி இல்லை.

மகள் விஷயம் வேறு. 5 வயதுக்கு முன்பே எடை மிக வேகமாக ஏறியது, சாப்பிட்டு முடித்த உடனேயே மறுபடி பசி என்று அழுவது, சாப்பாட்டை ஒளித்துவைத்துச் சாப்பிடுவது, வளர்ச்சியில் தாமதம் ஆகியவை இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்காதது, அதே வேலையில் பங்குள்ள எம்சி4ஆர் மரபணுவின் கோளாறு போன்ற அரிதான காரணங்கள் இருக்கலாம். அப்போது மருத்துவரே மரபணுப் பரிசோதனை எழுதித் தருவார், அதற்குப் பலனும் உண்டு. லெப்டின் குறைபாட்டுக்கு ஊசி இருக்கிறது. வேறு சில அரிய கோளாறுகளுக்கு 2020-இல் செட்மெலனோடைட் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் மகளின் எச்சிலை எங்கும் அனுப்ப வேண்டாம். அவள் உயரத்தையும் எடையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்துவைத்தால் போதும்.