லாரியில் ஜீப்பை ஏற்றிக் கட்டுவது: பெங்களூர் வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, சனிக்கிழமை என் மாருதி ஜிப்ஸியை பிளாட்பெட் லாரில சக்லேஷ்பூர் அனுப்பறேன். முன் பம்பர்ல ஒண்ணு, பின் பம்பர்ல ஒண்ணு பெல்ட் போட்டா போதும்ங்கறார் டிரைவர். போதுமா? (ஜாலஹள்ளி)

போதாது தம்பி. பம்பரும் சேஸும் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கின்றன. லாரி ஒரு ஹம்ப்பில் ஏறி இறங்கினாலே பாடி இரண்டு, மூன்று அங்குலம் அமுங்கி எழும். அமுங்கும் அந்த நொடியில் பெல்ட் தொய்ந்து, கொக்கி வளையத்தை விட்டு நழுவிவிடும். பெல்ட் அறுந்துபோவதைவிட இப்படிக் கழன்றுபோவதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். அதனால் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதைக் கட்டுங்கள்.

ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில் இருப்பது வசதி. நான்கு பெல்ட் வேண்டும். முன் ஆக்சிலில் இரண்டு முன்பக்கமாக இழுக்கட்டும், பின் ஆக்சிலில் இரண்டு பின்பக்கமாக. லாரித் தளத்தோடு பெல்ட்டின் கோணம் 45 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். பின் ஆக்சிலில் பட்டையைச் சுற்றும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சிலைவிட மெல்லிய பிரேக் பைப் ஒன்று ஆக்சிலின் உறையை (ஹவுசிங்) ஒட்டியே ஓடும். பட்டை அதன்மேல் விழுந்தால் இறுக்கும்போதே நசுங்கிவிடும். முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராடு, ஸ்டீயரிங் டேம்பர் பக்கமும் கொக்கியைக் கொண்டுபோகாதீர்கள்.

புது மஹிந்திரா தார் வைத்திருக்கிறேன். அதற்கும் இதேதானா? (பி.டி.எம். லேஅவுட்)

பின்னால் இதேதான். முன்னால் இல்லை, அங்கே ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், சுற்றிக் கட்ட முழு ஆக்சில் கிடையாது. டயரின் மேல் போடும் வீல் ஸ்ட்ராப் வாங்குங்கள். பட்டையில் ரப்பர் கட்டைகள் இருக்கும், அவை டயரின் பட்டனுக்கு நடுவே உட்கார்ந்து நழுவாமல் பிடிக்கும். நான்கு சக்கரத்துக்கும் அதையே போட்டால் இன்னும் நல்லது. அலாய் வீல் ஓட்டைக்குள் பட்டையை விட்டுக் கட்டுவதைப் பலர் செய்கிறார்கள். அந்த விளிம்பு பட்டையை அறுத்துவிடும்.

ஜே.சி. ரோட்டில் '5 டன்' பெல்ட் என்று தருகிறார்கள். நம்பலாமா? (அல்சூர்)

சார், லேபிளில் இரண்டு எண் இருக்க வேண்டும். ஒன்று அறுந்துபோகும் எடை, மற்றது வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய எடை. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு. கடையில் சொல்லும் 5 டன் அறுந்துபோகும் எடையாக இருந்தால், உங்கள் கணக்குக்கு ஏறக்குறைய 1650 கிலோதான்.

தார் ஏறக்குறைய 1750 கிலோ. லாரி கடுமையாக பிரேக் போட்டால் வண்டி முன்னால் பாய்வதற்கு எடையில் 0.8 பங்கு விசையாக எடுத்துக்கொள்வது வழக்கம். அது 1400 கிலோ. அதைத் தாங்குவது பின்பக்கமாக இழுக்கும் இரண்டு பெல்ட்கள்தான், முன்னால் உள்ளவை அல்ல. 45 டிகிரியில் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம்தான் பயன்படும். 1500 கிலோ வேலை எடை உள்ள இரண்டு பெல்ட் 2100 கிலோ தாங்கும், போதும். 50 மில்லிமீட்டர் அகலம், பாலியஸ்டர், நாக்கு வைத்த கொக்கி என்று கேட்டு வாங்குங்கள். லேபிள் இல்லாததைத் தொடவேண்டாம்.

நைலான் கயிறு போதாதா? (சிவாஜி நகர்)

போதாது. அது இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். முடிச்சு விழுந்த இடத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பெல்ட்டை இறுக்கற பல்சக்கரப் பிடி, அதான் ராட்செட், அதை எவ்வளவு இறுக்கணும்? காத்துல பெல்ட் படபடன்னு அடிக்குதே? (கோரமங்கலா)

பட்டையை உருளையின் பிளவில் நுழைத்து, முதலில் தொய்வு முழுவதையும் கையாலேயே இழுத்துவிடுங்கள். பிறகு இரண்டு, மூன்று சுற்று விழுந்தால் போதும். அதற்கு மேல் சுற்றினால் பட்டை அடுக்கடுக்காகச் சேர்ந்து ராட்செட் சிக்கிக்கொள்ளும், இறக்கும் இடத்தில் கத்தி தேட வேண்டியிருக்கும். கைப்பிடியில் பைப் மாட்டி இறுக்கக் கூடாது. கைப்பிடியைத் தட்டையாக மடக்கி, மிச்ச வாலைக் கட்டிவிடுங்கள். படபடப்புக்கு நீளமான பகுதியில் ஒரே ஒரு அரைத் திருகு கொடுங்கள், அடங்கிவிடும்.

கிளம்பி 15 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்த்தே ஆக வேண்டும். முதல் குலுக்கலில் எல்லாம் படிந்து, எந்தப் பெல்ட்டும் ஒரு பல்லாவது இறங்கியிருக்கும்.

ஏற்றியபின் கியரில் விடுவதா, நியூட்ரலா? (ஹெப்பால்)

முதல் கியர், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. இரண்டு சக்கர, நான்கு சக்கர ஓட்டத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் 'என்'னில் (நியூட்ரலில்) நிற்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நின்றால் கியர் போட்டும் பயனில்லை. அப்போது ஆட்டோமேட்டிக்கை 'பி'யில் (பார்க்) வைத்தாலும் வண்டி உருளும். லாரியின் வின்ச்சை ஐந்தாவது பெல்ட்டாக நினைக்காதீர்கள். அது வண்டியை மேலே இழுத்து ஏற்றத்தான்.

சொந்த டிரெய்லர். 60-ஐத் தாண்டினால் வால் ஆடுகிறது. சேலம் வரை போகணும். (எலெக்ட்ரானிக் சிட்டி)

டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொண்டியின் மேல் விழும் எடை குறைவு. டிரெய்லரும் அதில் ஏற்றிய ஜீப்பும் சேர்ந்து 2500 கிலோ என்றால் கொண்டியில் 250 முதல் 375 கிலோ இருக்க வேண்டும். ஜீப்பை என்ஜின் முன்பக்கம் வரும்படி ஏற்றி, நான்கைந்து அங்குலம் முன்னே தள்ளிப் பாருங்கள். இழுக்கும் வண்டியின் கொக்கி அந்த எடைக்கு ஏற்றதுதானா என்றும் பாருங்கள். ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மெதுவாக விடுங்கள். இது சரியாகாமல் தொப்பூர் இறக்கத்துக்குப் போகவே வேண்டாம்.

திரும்பும்போது எதையாவது கவனிக்கணுமா? (ஒயிட்ஃபீல்டு)

இரண்டு விஷயம். காட்டில் 15 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கிய காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பிவிட்டே ஏற்றுங்கள். மெத்தென்ற டயர் குழியில் நசுங்கினால் வீல் ஸ்ட்ராப்பும் தொய்யும். அடுத்து, டயரிலும் தளத்திலும் உள்ள சேற்றைக் கழுவுங்கள். ஈரச் சேற்றில் ஹேண்ட்பிரேக் போட்ட வண்டியும் வழுக்கும், பட்டையில் ஒட்டிய மணல் நூலை உள்ளிருந்தே அரிக்கும்.