நல்கையும் கூச்சமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தலைநகரிலிருந்து வெகுதொலைவில் ஒரு சிறிய நாடகக் குழு நடத்துகிறேன். வட்டாரக் கலை நல்கைக்கு (நிதியுதவிக்கு) இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை நூலிழையில் தவறிவிட்டது என்றார்கள். பாறைகளில் படரும் லைக்கன்களை ஆராயும் என் நண்பருக்கு வட்டார ஒதுக்கீட்டில் பணம் வந்தது. அவருக்கோ அதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சம். "எனக்குத் தரவில்லை, என் ஊருக்குத் தந்திருக்கிறார்கள்" என்கிறார். கலையோ அறிவியலோ, தகுதியை மட்டும்தானே பார்க்கவேண்டும்? இனி விண்ணப்பிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். என் பட்ஜெட்டை இணைத்திருக்கிறேன், நேரமிருந்தால் பாருங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் முடிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தப்பு.

நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்குத் தரப்படும் ஒரு நல்கையை வைத்து நடந்த ஆய்வு 2018ல் வெளியானது. வெட்டுக்கோட்டுக்கு மேலே தொற்றிக்கொண்டு தேறியவர்களையும், கோட்டுக்குக் கீழே மயிரிழையில் விழுந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகளில் தேறியவர்கள் திரட்டிய நிதி, விழுந்தவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தேறியவர்கள் அதற்குள் பெரிய மேதைகளாகிவிட்டார்கள் என்றில்லை. விழுந்தவர்கள் அப்புறம் விண்ணப்பம் போடுவதையே குறைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். நீங்கள் இப்போது செய்யப்போவது அதைத்தான். 'உள்ளவனுக்கே மேலும்' என்கிற இந்தப் போக்குக்கு சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968லேயே மத்தேயு விளைவு என்று பெயர் வைத்துவிட்டார்.

உங்கள் நண்பரின் கூச்சத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தேர்வுக்குழுவின் மேஜைக்குத் தகுதி என்று வந்து சேர்வது பெரும்பாலும் முன்பு வந்த பணத்தின் தடம். ஒரு நல்கை, அதில் வாங்கிய கருவி, அந்தக் கருவியால் எழுத முடிந்த கட்டுரை, அந்தக் கட்டுரையைக் காட்டி அடுத்த நல்கை. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி கிடைக்காதவனிடம் கடைசிக் கண்ணியைக் காட்டு என்றால் எப்படி? அமெரிக்காவின் தேசிய அறிவியல் அமைப்பு 1970களின் இறுதியில் எப்ஸ்கோர் என்ற திட்டத்தைத் தொடங்கியது இதனால்தான். அந்த அமைப்பின் ஆய்வு நிதியில் 0.75 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ பெறும் மாநிலங்களுக்கென்று தனி ஒதுக்கீடு. அந்த வரம்புக்குள் ஏறக்குறைய பாதி மாநிலங்கள் வந்துவிடுகின்றன என்பதைப் பார்த்தால் மீதிப் பணம் எங்கே குவிகிறது என்று புரியும். அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் போட்டி உண்டு, துறை வல்லுநர்களின் மதிப்பீடு உண்டு. உங்கள் நண்பரும் அப்படியொரு போட்டியில் ஜெயித்துத்தானே வாங்கியிருப்பார்? தலை குனிய என்ன இருக்கிறது?

கலையில் கதை இன்னும் மோசம். பிரிட்டனில் கலைக்கு அரசுப் பணம் தரும் கவுன்சில் உருவானபோது அதற்கு மூளையாக இருந்தவர் பொருளாதார மேதை கெய்ன்ஸ். 1945ல் வானொலியில் பேசும்போது, நாட்டின் ஒவ்வொரு பகுதியும் தன் வழியில் மகிழட்டும் என்றார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். சில ஆண்டுகளில் கவுன்சிலின் கொள்கை 'கொஞ்சம்தான், ஆனால் ரோஜாக்கள்' என்று மாறியது, அதாவது சிலருக்குத்தான், ஆனால் சிறந்தவர்களுக்கு. 1956க்குள் வட்டார அலுவலகங்களை மூடிவிட்டார்கள். ரோஜாக்கள் பெரும்பாலும் லண்டனில்தான் பூத்தன என்று சொல்லத் தேவையில்லை.

வட்டார நிதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. அந்தப் பணம் வட்டாரத்தின் பெரிய நகரத்தோடு நின்றுவிடுவதும் நடக்கிறது. அப்புறம், வாங்குபவரும் பாதி போடவேண்டும் என்கிற 'பாதிக்குப் பாதி' விதி. அமெரிக்கக் கலை நிதியம் தன் நல்கைப் பணத்தில் 40 சதவீதத்தை மாநில, வட்டார அமைப்புகளுக்குக் கொடுக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது தரும் நல்கைகள் பெரும்பாலானவற்றுக்கு அதே அளவு தொகையை வாங்குபவரும் திரட்டிக் காட்டவேண்டும். புரவலர்கள் இருக்கும் ஊரில் அது ஒரு மாலை விருந்தில் முடிந்துவிடும் வேலை.

நான் ஒருமுறை இப்படியொரு தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஓர் அறிவியல் விண்ணப்பம் வந்தது. நுண்ணோக்கிக்கு மாற்று விளக்கு, கண்ணாடிச் சில்லுகள், உதவியாளருக்குத் தினக்கூலி, ஆய்வாளருக்கு எட்டு மாதச் சம்பளம், நிறுவனத்தின் நிர்வாகச் செலவு எல்லாம் வரி வரியாக இருந்தது. யாரும் புருவத்தை உயர்த்தவில்லை. அடுத்தது ஒரு நாடகம். விளக்குகள், உடைகள், அரங்க வாடகை. நடிகர்கள் என்ற வரிக்கு எதிரே 'ஆர்வத்தின் பேரில்'. இயக்குநர் என்ற வரிக்கு எதிரே 'இல்லை'. குறைவாகக் கேட்டால் கொடுப்பார்கள் என்று நினைத்திருப்பார் பாவம். குழுவில் ஒருவர் கேட்டார்: "ஆறு மாதம் இவர் எப்படிச் சாப்பிடுவார்?" இரண்டு நிமிடப் பேச்சுக்குப் பின், இது நடைமுறைக்கு ஒத்துவராத திட்டம் என்று ஒதுக்கினோம். நானும் கை தூக்கினேன். அந்த 'இல்லை' இன்றும் உறுத்துகிறது.

உங்கள் பட்ஜெட்டைப் பார்த்தேன். இயக்குநர் என்ற இடத்தில் நீங்களும் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். இரண்டு முறையும் அப்படித்தான் அனுப்பினீர்களா? மதிப்பீட்டாளர்களின் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள், பல அமைப்புகள் கேட்டால் தருகின்றன. கோட்டை அழித்துவிட்டு ஒரு தொகை எழுதுங்கள். எவ்வளவு என்று தெரியாவிட்டால் லைக்கன் நண்பரின் விண்ணப்பத்தை வாங்கிப் பாருங்கள். சம்பளம் எழுதுவதில் அவருக்குக் கூச்சம் இருந்திருக்காது.