பூத்துக் குலுங்கும் ஆப்ரிகாட் ஏன் காய்ப்பதில்லை?

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன், கடுங்குளிரைத் தாங்கும் இரகம் என்று சொல்லி விற்ற ஹார்கொட் ஆப்ரிகாட் ஒட்டுக்கன்றை வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி நட்டோம். ஏப்ரலில் மரம் நிறையப் பூக்கிறது. ஆனால் எந்த ஆண்டிலும் நான்கைந்து பழங்களுக்கு மேல் கிடைத்ததில்லை. வேறு இரகம் நட வேண்டுமா?
– ஒரு வாசகி, மார்க்கம், ஒன்ராறியோ

பதில்: இரகத்தில் குறையில்லை, நட்ட இடத்தில்தான் முக்கியக் குறை என்று எண்ணுகிறேன். ஹார்கொட் உங்கள் மாகாணத்தின் தென்கோடியிலுள்ள ஹாரோ ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்று சொல்லி விற்கப்பட்டாலும், ஆய்வுகள் இதைத் தன் மகரந்தத்தை ஏற்காத இரகம் என்கின்றன. எனவே அருகில் வேறு இரக ஆப்ரிகாட் இல்லையென்றால், அதுவும் ஒரு காரணமாகலாம்.

குளிரைத் தாங்கும் என்ற சொல், நடுக்குளிர்காலத்தில் மரமும் உறங்கும் மொட்டுகளும் பிழைத்திருப்பதையே குறிக்கும். மலர்ந்த பூவுக்கு அந்த வலிமை எந்த இரகத்திலும் கிடையாது. முழுதாக மலர்ந்த வேளையில் வெப்பநிலை மைனஸ் 3 பாகையை நெருங்கி அரைமணி நேரம் நின்றாலே பத்தில் ஒரு பங்கு பூக்கள் மடியும், மைனஸ் 5.5 பாகையில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். ஆப்ரிகாட்டின் குளிர்த்தேவை, அதாவது மொட்டுகளின் உறக்கம் கலைய வேண்டிய குளிர்நேரம், பனிக்காலம் முடியுமுன்பே நிறைவடைந்துவிடுவதால், அதன்பின் வரும் ஒவ்வொரு வெயில் நாளும் மொட்டுகளை விழிக்கத் தூண்டுகிறது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் தெற்குச் சுவர், இன்னும் சில நாள் உறங்க வேண்டிய மரத்தை முன்னதாகவே எழுப்பி, ஏப்ரல் உறைபனியிடம் ஒப்படைத்துவிடுகிறது.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். உறைபனி விழுந்த நாளில், சில மணி நேரம் கழித்து, கிளையின் வெவ்வேறு இடங்களிலிருந்து இருபது பூக்களையோ மொட்டுகளையோ பறித்து, கூரிய பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவிலுள்ள சூலகம் வெளிர் பச்சையாக இருந்தால் உயிருண்டு. கறுத்திருந்தால், இதழ்கள் எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் அந்தப் பூவில் காய் பிடிக்காது.

ஆறு வயது மரத்தைப் பெயர்த்து நட நான் சொல்லமாட்டேன். மைனஸ் குளிர் எதிர்பார்க்கப்படும் இரவுகளில் பழைய போர்வையைத் தரைவரை தொங்குமாறு மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். உள்ளே சரவிளக்கு போடுவதானால் பழைய குமிழ்விளக்குகளே பயன்படும். எல்இடி விளக்கு போதிய வெப்பம் தராது. மரத்தடியில் பனியைக் குவித்தால் பூப்பது தள்ளிப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். பூக்கும் நாளைத் தீர்மானிப்பது மொட்டைச் சூழ்ந்த காற்றின் வெப்பமே தவிர வேரடிக் குளிர் அல்ல என்பதால், அதில் பெரிய பயனில்லை. பூக்கும் நாள்களில் தேனீ வராத குளிர் நீடித்தால், வேறு இரக ஆப்ரிகாட் பூவின் மகரந்தத்தை மென்தூரிகையால் பூக்களில் தொட்டுவிடுங்கள்.

இடமிருந்தால், அதே நிலையத்தின் ஹார்லேன் கன்று ஒன்றைச் சுவரிலிருந்து நன்கு விலகி, கோடையில் முழுவெயில் படுகிற, நீர் தேங்காத மேட்டில் நடுங்கள். ஹாரோ இரகங்களில் குளிருக்கு மிகவும் ஈடுகொடுப்பது அதுதான்.