செப்சிஸுக்குத் தெளிவான நெறிமுறை இருக்கும்போது ஐசியூ நர்ஸுக்குச் சிக்கலமைப்பு அறிவியல் எதற்கு?

முதுகலை நர்சிங் பாடத்தில் சிக்கலமைப்பு அறிவியல் (பல பாகங்கள் ஒன்றையொன்று பாதித்து, மொத்தமாக எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராயும் துறை) வருகிறது, ஆனால் செப்சிஸுக்குத்தான் முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதெல்லாம் எழுதியே வைத்திருக்கிறதே, படுக்கை அருகே நிற்பவருக்கு இந்தக் கோட்பாடு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஐசியூவில் வேலை பார்ப்பவளாகச் சொல்கிறேன்: நிச்சயம் உதவும். மானிட்டரில் எதைத் தேட வேண்டும் என்பதையே அது மாற்றிவிடும்.

2016இல் வந்த வரையறைப்படி, தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய், உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு உறுப்புகள் பழுதாவதுதான் செப்சிஸ். கிருமி தொடங்கிவைக்கிறது, அப்புறம் உடலுக்குள்ளேயே ஒரு சுழல் உருவாகிவிடுகிறது. அழற்சியால் ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறது, நீர் கசிகிறது. ரத்த உறைதல் தூண்டப்பட்டு நுண்குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காமல் சேதமான திசு, அழற்சியை இன்னும் கிளப்புகிறது. இதில் ஒரு கண்ணியை மட்டும் அறுத்தால் போதும் என்று நம்பித் தயாரித்த மருந்துகள் பல தோற்றுப்போயின. உதாரணமாக, ரத்த உறைதலைக் குறைக்கும் ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி மருந்துக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னால் நடந்த ஆய்வில் பலன் தெரியாததால் 2011இல் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

சிறிய மாற்றம் பெரிய விளைவைத் தரும் என்று பாடத்தில் படிப்பீர்கள். பிபியை ஏற்றிவைக்கும் நார்அட்ரினலின் மருந்தின் சிரிஞ்ச் மாற்றும் வேளையில் அதைக் கண்ணால் பார்க்கலாம். தேறிவரும் நோயாளிக்குச் சில நொடி மருந்து நின்றாலும் ஒன்றும் ஆகாது. கடும் ஷாக்கில் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலையில்) இருப்பவருக்கோ அதே சில நொடியில் பிபி சரிந்து, அதை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் பழைய சிரிஞ்ச் தீரும் முன்பே அடுத்த பம்பை ஓடவிட்டு, பிபி ஏறுவதைப் பார்த்தபின் பழையதை நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஆரோக்கியமான இதயம் சீராகத் துடிப்பதாகத் தோன்றினாலும், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி லேசாக மாறிக்கொண்டே இருக்கும். உறுப்புகளுக்கிடையே பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்தத் தொடர்பு அறுந்துபோவதுதான் பல்லுறுப்புச் செயலிழப்புக்குப் பின்னால் இருக்கலாம் என்று கோடின், பக்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இலேயே எழுதினார்கள். எடை மிகக் குறைவாகப் பிறந்த 3,003 குழந்தைகளிடம் நடந்த ஒரு ஆய்வு 2011இல் வெளியானது. இதயத்துடிப்பின் இந்த மாறுபாட்டைக் கணித்து, ஆபத்தை ஓர் எண்ணாகத் திரையில் காட்டிய குழுவில் இறப்பு 8.1 சதவீதம், காட்டாத குழுவில் 10.2. பெரியவர்களிடம் மயக்க மருந்து, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், பேஸ்மேக்கர் எல்லாம் குழப்பும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனாலும் துடிப்பு 108லேயே அசையாமல் நின்றால் "ஸ்டேபிள்" என்று எழுதும் முன் நான் ஒருமுறை யோசிப்பேன்.

ஒரு நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். பிபி 104/60, காய்ச்சல் 37.4, மூச்சு 20. அலாரம் எதுவும் அடிக்காது. ஆனால் மாலையில் மூச்சு 14ஆக இருந்தது. சிறுநீர் மணிக்கு 50, 35, 25 மில்லி என்று இறங்கிவந்திருக்கிறது. முழங்காலுக்கு மேல் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறது. பெயரைக் கேட்டால் கொஞ்சம் தாமதித்துச் சொல்கிறார். விரல் நுனியைப் பத்து நொடி அழுத்திவிட்டால் நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. எல்லாம் ஒரே திசையில் போவதுதான் செய்தி. டாக்டரைக் கூப்பிடும்போது எண்களை வரிசையாக ஒப்பிக்காமல், "நாலு மணி நேரமாக எல்லாமே சேர்ந்து மோசமாகுது" என்று சொல்லுங்கள். லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போதுகிறதா என்று அறிய உதவும் ரத்தப் பரிசோதனை) அனுப்பும் பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

சரி, அப்படியானால் நெறிமுறை வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆன்டிபயாடிக்குக்கு முன் ப்ளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்ற பரிசோதனை), பிறகு தாமதமில்லாமல் ஆன்டிபயாடிக், எம்ஏபி (சராசரி ரத்த அழுத்தம்) 65 என்ற இலக்கு, இவற்றில் தளர்வு கூடாது. ஆனால் ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி என்ற திரவக் கணக்கு ஒருவரைத் தூக்கி நிறுத்தும், இன்னொருவர் நுரையீரலில் நீர் கோத்துவிடும். வேகமாக ஏற்றும் ஒவ்வொரு தவணைத் திரவத்துக்குப் (போலஸ்) பிறகும் விரலை அழுத்திப் பார்த்து, நெஞ்சைக் கேட்டு, அப்புறம் அடுத்ததை முடிவு செய்ய வேண்டும். விரல் நுனி நிறம் திரும்பும் நேரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளும்படி 2021 சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது.

பாடத்துக்காக எழுதப்போகிறீர்கள் என்றால், பட்டாம்பூச்சி சிறகடித்தால் எங்கோ புயல் வரும் என்ற உதாரணத்தை விட்டுவிடுங்கள். ஒரு செப்சிஸ் நோயாளியின் ஆறு மணி நேரச் சார்ட்டை, அடையாளம் மறைத்து, அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள். எது முதலில் நகர்ந்தது, எது பின்னால் போனது, நாம் செய்த எந்தக் காரியம் எதைத் திருப்பியது என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். எங்கே தடுமாறுகிறது என்று கமெண்டில் கேட்டால் சேர்ந்து பார்க்கலாம்.