மலை உயரமும் பறவைகளும்: வேலூர் வாசகர்களின் கேள்விகள்

காட்பாடி வாசகர்: சார், வேலூருக்கும் ஏலகிரிக்கும் உயர வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்ல. அது பறவைக்கு ஒரு விஷயமா?

பதில்: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கத்திரி வெயிலில் நமக்கு அது சுகம். வெப்ப மண்டலப் பறவைக்கு எல்லைக்கோடாகவே ஆகிவிடலாம். இமயமலைப் பறவை ஒரே இடத்தில் கோடையையும் கடுங்குளிரையும் பார்த்துவிடுகிறது. நீலகிரிப் பறவைக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே குளுமைதான். அதற்குப் பழகிய உடம்புக்குக் கீழே இருக்கும் வெக்கை அந்நியம். அதனால் ஒரே உயரமுள்ள மலையும் பள்ளமும் குளிர் நாடுகளைவிட வெப்ப மண்டலத்தில் பெரிய தடையாக நிற்கும் என்று அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1967-இல் எழுதினார்.

ஆம்பூர் வாசகர்: இறக்கை இருக்கே அண்ணா, பறந்து தாண்டிடாதா?

பதில்: சோலைக்கிளியைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள், தம்பி. பெயரில்தான் கிளி; தரையை ஒட்டி, நிழலுக்குள்ளேயே வாழும் சின்னப் பறவை அது. வெட்டவெளிக்கே தயங்கும், பாலக்காட்டுக் கணவாயின் சூட்டை எப்படிக் கடக்கும்? கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனியில் இன்னொன்று. அகத்தியமலைப் பக்கம் இருப்பதைத் தனி இனம் என்று 2017-இல்தான் விவரித்தார்கள். மரபணுவை ஒப்பிட்டபோது இவை பல லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்தே வாழ்வது தெரிந்தது. சிரிப்பான்கள் என்ற மலைப் பறவைகளும் அப்படித்தான்: பாணாசுரமலை, நீலகிரி, பழனி, அகத்தியமலை என்று நான்கு இனங்கள். கடல் நடுவே தீவுகள் மாதிரி அந்தச் சிகரங்கள். என்னைக் கேட்டால், பரிணாமத்தைக் கண்ணால் காண நாம் டார்வின் பார்த்த கலாபகோஸ் தீவுகளுக்குப் போக வேண்டியதே இல்லை.

ஆலங்காயம் வாசகர்: எங்க ஜவ்வாது மலையில அப்படி ஒண்ணு ஏன் இல்ல?

பதில்: உயரம் போதாது. சோலைக்கிளி வாழும் சோலைக்காடு, அதாவது குளிர்ந்த மலையுச்சிப் பசுமைக்காடு, பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேல்தான். ஆனால் மஞ்சள் தொண்டைச் சின்னானை மறந்துவிடாதீர்கள். உலகத்தில் தென்னிந்தியப் பாறைக்குன்றுகளில் மட்டுமே வாழும் பறவை. அதற்குக் குளிர் வேண்டாம். பாறையும் புதரும் போதும். அப்படிப்பட்ட குன்றை “வெறும் கல்லு” என்று சொல்லி உடைக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆற்காடு வாசகி: மேலே போகப் போக மூச்சு முட்டாதா?

பதில்: நம் மலைகளில் அந்தச் சிக்கல் வராதும்மா. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம்தான். அங்கே வாழும் தேன்சிட்டு அளவுள்ள ஓசனிச்சிட்டுகளின் (ஹம்மிங்பேர்டு) ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும்.

திருப்பத்தூர் வாசகர்: வெயில் வருஷா வருஷம் ஏறுதே, இதுங்க என்ன பண்ணும் சார்?

பதில்: மேலே ஏறும். பெருவில் பான்டியாகோயா என்ற மலைமுகட்டில் 1985-இல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2017-இல் திரும்பப் போய்ப் பார்த்தால், பல இனங்கள் மேலே நகர்ந்திருந்தன. உச்சியில் இருந்த சில இனங்கள் கண்ணில் படவே இல்லை. உச்சிக்கு மேல் போக இடம் ஏது? நீலகிரியில் இன்னொரு தொல்லை: சோலைக்கும் சோலைக்கும் நடுவே தேயிலையும் சீகையும் தைலமரமும். உயரம் மிச்சமிருக்கும் இடத்திலும் ஏறிப்போக வழி அறுந்து கிடக்கிறது. மிஞ்சிய சோலைத் துண்டுகளை இணைக்கும் வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும்.