மிரர் டிஸ்க்குகளில் ஒன்று பழுதானாலும் சர்வர் ஓடுமா என்று பாதுகாப்பாகச் சோதிப்பது எப்படி?

மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனிக் கணக்கு ஓடும் லினக்ஸ் சர்வரில், ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 (மிரர்) முறையில் இணைத்த இரு டிஸ்க்குகளில் ஒன்றை ஓடும்போதே உருவிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; தயவுசெய்து வேண்டாம். முதலில் வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் தவறுதலாக அழித்த கோப்பு மிரரின் இரு பக்கமும் அழிந்துவிடும். அடுத்து, மிஞ்சப்போகும் டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதி எதுவும் இல்லை என்பதை முழுச் சரிபார்ப்பு ஓட்டி உறுதிசெய்யுங்கள்; பலர் தவறவிடும் படி இதுதான். சர்வர் தொடங்கும்போது லினக்ஸை ஏற்றும் சிறு நிரலான பூட்லோடர் இரண்டு டிஸ்க்கிலும் இருக்க வேண்டும்.

பிறகு லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்.டி.ஏ.டி.எம். (mdadm) கட்டளையால் ஒன்றைப் பழுதானதாகக் குறித்து நீக்கி, சர்வரை அணைத்து, சீரியல் எண்ணைச் சரிபார்த்துக் கழற்றியபின், மற்றதில் மட்டும் பூட் ஆகிறதா என்று பாருங்கள். உப்புக்காற்று கனெக்டர்களை அரிக்கும் என்பதால் அவற்றையும் அப்போதே கவனியுங்கள். மீண்டும் சேர்த்த டிஸ்க் முழுவதுமாக ஒத்திசையும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.